மூன்றாவது காயிலின் அடியில் பச்சைப் புள்ளி

வினோத், கையைக் கழுவிவிட்டு வந்து இதைப் படி. கிரீஸ் விரலோடு பிரித்தால் பாதி எழுத்து அழிந்துபோகும். அப்புறம் அம்மா என்ன எழுதியிருப்பாள் என்று நீயே ஒன்றை ஊகித்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய். ஊகிப்பதில் நீ அப்படியே என் பிள்ளை. அதைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உன் கல்யாணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. நேரிலேயே சொல்லிவிடலாம் என்று நாலைந்து தடவை வாயைத் திறந்தேன். நீ "என்னம்மா?" என்பாய். நான் "காஸ் புக் பண்ணிட்டியா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். காஸ் எத்தனை தடவைதான் புக் பண்ணுவாய், பாவம். அதனால்தான் கடிதம். பக்கத்தில் துணியில் சுற்றி ஒரு பொட்டலம் இருக்கிறது. கடிதத்தை முடித்துவிட்டுத்தான் அதைப் பிரிக்க வேண்டும். நீ அதைத்தான் முதலில் பிரிப்பாய் என்று எனக்குத் தெரியும். பிரித்திருந்தால் திரும்பச் சுற்றி வைத்துவிட்டுப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கட்டிக்கொள்ளப்போகிற கீர்த்தனா நம் வீட்டுக்கு வந்திருந்தாளே, அதிலிருந்து தொடங்குகிறேன். டீ குடித்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது, எடுத்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்தாள். நீ சிரித்துக்கொண்டே கையை நீட்டினாய். "யாரு, குடு பாக்கலாம்." அவளும் கொடுத்தாள். நீ பெயரைப் பார்த்தாய், அதற்கு முந்தைய பெயரைப் பார்த்தாய், அதற்கும் கீழே தள்ளிப் பார்த்தாய். அவள் மிச்ச டீயைக் குடிக்கவே இல்லை. கேட் வரைக்கும் வழியனுப்பப் போனபோது என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "ஆன்ட்டி, இவரு எப்பவுமே இப்படியா?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேல டென்ஷன்மா, கல்யாணம் ஆனா சரியாயிடும்." பொய். கல்யாணம் ஆனால் சரியாகாது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் நம் லிங்கராஜபுரத்திலேயே கிடையாது. இதைக் கீர்த்தனாவும் படிக்கலாம். படித்தால் நல்லதுதான்.

நான் இருபத்தாறு வருஷம் பீன்யா பக்கம் ஒரு கம்பெனியில் இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். வெளியிலிருந்து வரும் சாமானை, அசெம்பிளிக்குப் போவதற்கு முன்னால் சோதிக்கிற வேலை. வண்டிகளுக்கான மின்சார சாமான்கள்தான்: வயர், கனெக்டர், பிளக்கில் பொறி விழவைக்கும் இக்னிஷன் காயில். ஒரே சரக்காக ஒரு லாட் வந்தால் அதில் ஒன்றை உருவி எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். சரியாக இருந்தால் அடியில் பச்சைப் புள்ளி, இல்லாவிட்டால் சிவப்பு. என் சிவப்புப் புள்ளிக்கு சப்ளையர்கள் நடுங்குவார்கள். அதில் எனக்குக் கர்வம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் அந்த மார்க்கரை கம்பெனி லாக்கரில் வைத்துவிட்டு வராமல் வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டேன். காஸ் சிலிண்டரில் புள்ளி, அரிசி மூட்டையில் புள்ளி, உன் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் புள்ளி. நீயும் உன் சிநேகிதன் மஞ்சுவும் என்னைப் பச்சைப் புள்ளி ஆன்ட்டி என்று கேலி செய்வீர்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டீர்களா?

உன் அப்பாவையும் நான் விட்டுவைக்கவில்லை. பஸ் டிரைவர், ஷிஃப்ட் முடிந்து வர ஒரு மணி நேரம் பிந்தினால் எனக்குத் தலைக்குள் ஏதோ ஊர ஆரம்பித்துவிடும். அவருடைய பீரோ இழுப்பறை மூடியிருக்கும் இடுக்கில் ஒரு வெள்ளை நூலை வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். சாயந்திரம் வந்து பார்க்கும்போது நூல் கீழே விழுந்திருந்தால் இழுப்பறை திறக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். திறந்தால் என்ன, அது அவருடைய இழுப்பறைதானே, அவர் திறக்காமல் பக்கத்து வீட்டுக்காரனா திறப்பான்? அது அப்போது உறைக்கவில்லை. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் கையைப் பார்த்தேன். மோதிர விரலில் அந்த நூலைச் சுற்றிக் கட்டியிருந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை, திட்டவில்லை. ரசம் கொஞ்சம் ஊற்று என்றார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவியபோதும் அந்த நூலை அவிழ்க்கவில்லை. எனக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் மறு வாரம் கறுப்பு நூல் வைத்தேன். என்னத்தைச் சொல்ல.

இப்போது உன் வெள்ளைக் காருக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், நீயும் மஞ்சுவும் உன் மெக்கானிக் ஷெட்டில் அதற்கு டர்போ மாட்டிய நேரம். டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளத் தள்ள, வண்டியோடு வந்த பழைய காயிலால் ஈடுகொடுக்க முடியவில்லை. வேகம் ஏறினால் பிளக்கில் பொறி அணைந்து இன்ஜின் விக்கும். பிளக் இடைவெளியைக் குறைத்துப் பார்த்தீர்கள். கொஞ்சம் தாங்கியது, பிறகு பழைய கதைதான். வலுவான காயில் வேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே பேச்சு. எந்தக் காயில் என்பதில்தான் ஒரு வாரம் சண்டை. நீ நெட்டில் சிவப்பு மூடி போட்ட ஒன்றைக் காட்டி அதுதான் வேண்டும் என்றாய். மஞ்சு சிரித்தான். "மச்சா, கலரா ஸ்பார்க் குடுக்கும்? நெட்ல வர்றதுல பாதி டூப்ளிகேட். ஆக்சிடென்ட் ஆன பெரிய வண்டி ஒன்னு ஸ்கிராப் யார்டுக்கு வந்திருக்கு. அதுல இருக்கிற நாலும் ஒரிஜினல். கழட்டிட்டு வரேன்." சொன்னபடி நாலையும் ஒரு பழைய டர்க்கி டவலில் சுற்றிக்கொண்டு வந்தான். பெட்டி இல்லை, சீல் இல்லை, பில் இல்லை. என் சர்வீஸில் பெட்டியில்லாமல் வந்த ஒரு சாமானை நான் உள்ளே விட்டதில்லை. அந்த டவலைப் பார்த்ததுமே மனசுக்குள் சிவப்பு மார்க்கரைத் திறந்துவிட்டேன்.

மாட்டுவதற்கு நீங்கள் பட்ட பாடும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. புதுக் காயில் பழையதைவிட ஒரு விரல் நீளம். இன்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவர் மேல் அலுமினிய பிளேட் ஒன்று வைத்து, அதில் காயிலை போல்ட் போட்டு நிறுத்த வேண்டும். முதல் பிளேட் தாழ்ந்துபோய், காயில்கள் பிளக் மேல் அழுந்திக் கோணிக்கொண்டு நின்றன. இரண்டாவது உயர்ந்துபோய், பாதிதான் பிளக்கைத் தொட்டது. மஞ்சு லேத்துக்குப் போய்க் குட்டி குட்டியாக புஷ் வளையங்கள் கடைந்து வந்து அடியில் வைத்தான். உட்காரும்போது டக் என்று ஒரு சத்தம் வந்தது. "அவ்வளவுதான் மச்சா. வெயிட்டத் தாங்குறது பிளேட்டு. பிளக்க சும்மா தொட்டா போதும், மேல ஏறி உக்காரக் கூடாது" என்றான். கரண்ட்டை எத்தனை நேரம் காயிலுக்கு ஊட்ட வேண்டும் என்பதையும் ஒவ்வொன்றாகச் சோதித்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தான். கூட ஊட்டினால் காயில் வெந்து சாகும், குறைத்தால் பொறி நோஞ்சானாகும். இவ்வளவு சிரத்தையாக ஒருவன் வேலை செய்வதைப் பார்த்தால் சாதாரண மனுஷிக்குச் சந்தோஷம் வரும். எனக்கு, இவன் எதை மறைக்க இவ்வளவு செய்கிறான் என்று தோன்றியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீங்கள் இரண்டு பேரும் பிரியாணி சாப்பிடப் போனீர்கள். ஷெட் சாவி வீட்டில்தான் தொங்கும். எடுத்துக்கொண்டு போனேன். லாட்டில் ஒன்று என்பதுதான் எங்கள் வழக்கம், கை எதில் படுகிறதோ அது. மூன்றாவதில் பட்டது. போல்ட்டைக் கழற்றினேன், காயில் வரவில்லை. கீழே பிளக்கைக் கவ்விக்கொண்டிருக்கும் ரப்பர் குழலை முதலில் திருகி இளக்க வேண்டுமாம். எனக்கு எப்படித் தெரியும்? இருபத்தாறு வருஷம் காயிலைச் சோதித்தேனே ஒழிய, ஒரு தடவைகூட இன்ஜினில் மாட்டியதும் இல்லை, கழற்றியதும் இல்லை. ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு நெம்பினேன். வந்துவிட்டது. கையில் எடுத்து எடையைப் பார்த்தேன். பின்பக்கம் ரெசின் ஊற்றியதைப் பார்த்தேன், எழுத்துகளைப் பார்த்தேன், கனெக்டர் பூட்டைப் பார்த்தேன். அசல். ஒரு குறை இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கை தன் பாட்டுக்கு ஜாக்கெட்டிலிருந்து மார்க்கரை எடுத்து அடியில் பச்சைப் புள்ளி வைத்துவிட்டது. திரும்ப மாட்டும்போதுதான் பார்த்தேன், ரப்பர் குழலில் நகம் பதிந்த அளவுக்கு ஒரு வெட்டு. நான் நெம்பியதில் விழுந்தது. வேறு யாராவது அதை என் மேஜைக்குக் கொண்டு வந்திருந்தால் லாட்டையே திருப்பி அனுப்பியிருப்பேன். என் கையால் ஆனது என்றதும், இவ்வளவுதானே, என்ன ஆகிவிடப்போகிறது என்று மாட்டிவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? சும்மா ஓடும்போது ஒன்றும் ஆகாது. வேகம் ஏறி, உள்ளே அழுத்தம் கூடினால், மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அந்த வெட்டு வழியாகப் பக்கத்து இரும்பில் பாய்ந்துவிடும். அந்த வாரமே கோலார் ரோட்டில் அப்படித்தான் ஆனது. நீ ஓட்டினாய், பக்கத்து சீட்டில் மஞ்சு லேப்டாப்போடு. ஒரு லாரியை ஓவர்டேக் செய்யும் நேரத்தில் இன்ஜின் விக்கி வலு போய்விட்டது. பின்னாலிருந்து பாய்ந்து வந்த பஸ்காரன் ஒடித்துத் திருப்பியதால் இரண்டு பேரும் முழுசாக வீட்டுக்கு வந்தீர்கள். ஷெட்டில் வந்து நின்றபோது உன் முகத்தில் ரத்தமே இல்லை. அதை எழுதும் இந்த வரியில் எழுத்து கோணலாக இருப்பதைப் பார்.

மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஸிங், அதாவது பொறி தவறுகிறது என்று லேப்டாப் காட்டியது. மஞ்சு மூன்றாவது காயிலை எடுத்து முதலாவதில் மாட்டினான், மிஸ்ஸிங்கும் கூடவே முதலாவதுக்குப் போனது. நீ காயிலைத்தான் பார்த்தாய். காயிலோடு அந்த ரப்பர் குழலும் சேர்ந்து போனதை யோசிக்கவில்லை. "டூப்ளிகேட் மால் குடுத்து என்னைக் கொல்லப் பாத்தியேடா" என்று கத்தினாய். அவன் "இரு மச்சா, ஒரு நிமிஷம்" என்று காயிலைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான். அப்போதுதான் நீ என் பக்கம் திரும்பினாய். நான் காபி டம்ளரோடு வாசலில் நின்றிருந்தேன். "நீ சொல்லும்மா. உனக்குத் தெரியும் இல்ல? இது டூப்ளிகேட்தான?" ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "பெட்டியில்லாம வந்தப்பவே எனக்கு டவுட்டு." என் வாழ்க்கையிலேயே நான் வைத்த பெரிய சிவப்புப் புள்ளி அது. அசல் சாமானுக்கு வைத்தேன், அசல் மனுஷனுக்கும் வைத்தேன். மஞ்சு என்னை ஒரு தடவை பார்த்தான். டூல் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான். டிப்ளமாவிலிருந்து எட்டு வருஷம் உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன்.

நீ அதே ரகக் காயிலை சீல் வைத்த பெட்டியில் புதிதாக வாங்கி மாட்டினாய். புது ரப்பரோடு வந்ததால் வண்டி ஜோராக ஓடியது. உன் சந்தேகத்துக்கு ரசீது கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. இரண்டு வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஷெட்டுக்கு வேலைக்கு வருகிறவன் எவனும் மூன்று மாதம் தங்குவதில்லை. போகும்போது பையைத் திறந்து காட்டச் சொல்கிறாய். கேமரா வைத்தாய், பிறகு கேமராவைப் பார்க்க இன்னொரு கேமரா வைத்தாய். எட்டு வருஷம் பழகினவனே ஏமாற்றினான் என்று நம்புகிறவன் வேறு யாரை நம்புவான்? இதெல்லாம் நான் வெட்டிய வெட்டு. போன ஞாயிற்றுக்கிழமை அது கீர்த்தனாவின் போன் வரைக்கும் வந்துவிட்டது. அந்தப் பெண்ணைப் பெட்டி சீல் எல்லாம் பார்த்துக்கொண்டே எத்தனை வருஷம் குடும்பம் நடத்துவாய்? உன் அப்பா விரலில் நூலைச் சுற்றிக்கொண்டு ரசம் கேட்டார். எல்லாரும் அப்படிப் பொறுத்துப் போக மாட்டார்கள். பொறுத்துப் போகவும் கூடாது.

அந்தக் காயிலை நீ ஸ்கிராப் டப்பாவில் எறிந்தபோது நான் பொறுக்கி எடுத்து என் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். ஆதாரத்தை ஒளிக்கத்தான், வேறெதற்கு? நேற்று காலையில் அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு, கல்யாணப் பத்திரிகை ஒன்றையும் எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்து நீலசந்திராவுக்கு மஞ்சு வீட்டுக்குப் போனேன். இளைத்திருக்கிறான். "வாங்க ஆன்ட்டி, சென்னாகிதீரா?" என்று கன்னடத்தில் நலம் விசாரித்துவிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டான். நான் பத்திரிகையைக் கொடுக்காமல் காயிலைக் கொடுத்தேன். "மஞ்சு, இதுல ஒரு வெட்டு இருக்குப்பா, அது நான்..." என்று ஆரம்பித்தேன். அவன் அதைத் திருப்பி அடியில் பார்த்தான். பச்சைப் புள்ளி அழியாமல் இருந்தது.

"தெரியும் ஆன்ட்டி. அன்னிக்கே பாத்தேன்."

நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். "அப்போ ஏம்ப்பா சொல்லல?"

"சொல்லலாம்னுதான் திருப்பினேன். அதுக்குள்ள அவன் உங்கள கேட்டுட்டான், நீங்க டவுட்டுன்னுட்டீங்க. அப்புறம் நான் புள்ளியக் காட்டினா, அம்மாவா நானான்னு ஆயிடும். அங்கிள் தவறிப் போயி நாலு மாசம்தான் ஆயிருந்துச்சு. வீட்டுல நீங்க ரெண்டு பேருதான். போதும்னு வந்துட்டேன்." பச்சைப் புள்ளியை விரலால் தேய்த்துப் பார்த்தான். "ஆனா கோவம் இருக்கு ஆன்ட்டி. உங்க மேல இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். அவன் மேல ஜாஸ்தி. அந்த ரப்பர ஒரு தடவ பாத்திருக்கணும் இல்ல? என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கணும் இல்ல?"

அப்போது என் புத்தி எங்கே போனது தெரியுமா? இவன் ஏன் இவ்வளவு நல்லவனாக இருக்கிறான், இதில் இவனுக்கு என்ன ஆதாயம் என்று யோசித்தது. உண்மையைத்தான் சொல்கிறேன். கண்ணில் தண்ணீர் நிற்கும்போதே யோசித்தது. அவன் எழுந்து மேஜை இழுப்பறையைத் திறந்தான். பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு ரப்பர் குழலை எடுத்தான். வெட்டுப்பட்டதைத் திருகி உருவிவிட்டு, புதியதன் உட்பக்கம் சிலிக்கான் கிரீஸ் தடவி, காயிலில் ஏற்றினான். "இது எப்படிப்பா உங்கிட்ட ரெடியா இருக்கு?" என்று கேட்டுவிட்டேன், என் பாழாய்ப்போன வாய். அவன் கோபித்துக்கொள்ளவில்லை.

"மறுநாளே வாங்கினேன் ஆன்ட்டி. கோவம் அடங்கினா போன் பண்ணுவான், போயி மாட்டிட்டு வரலாம்னு."

இரண்டு வருஷம் அது அந்த இழுப்பறையில் இருந்திருக்கிறது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவன் அம்மா உள்ளிருந்து ஓடி வந்து, என்ன ஏது என்று தெரியாமலே என்னோடு சேர்ந்து அழுதாள். பத்திரிகையை நீட்டினேன், வாங்கவில்லை. "நீங்க கூப்பிட்டா நான் வர மாட்டேன். அவன் கூப்பிடட்டும்" என்றான். அது நியாயம்தான். பத்திரிகை என் பையிலேயே இருக்கிறது, உனக்கு வேண்டுமானால் கேள்.

இப்போது பொட்டலத்தைப் பிரிக்கலாம். காயில் இருக்கிறது, நான் வெட்டிய பழைய ரப்பரும் இருக்கிறது. வெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார், உள்ளே பொறி பாய்ந்த கருப்புக் கோடு தெரியும். காயிலை மூன்றாவதில் மாட்டி, கோலார் ரோட்டுக்குப் போகாமல் ஷெட்டுக்குள்ளேயே சோதித்துப் பார். இல்லை, சோதிக்காமலே அவனுக்குப் போன் செய். செய்ய முடிந்தால் அதுதான் சரி. என் மேல் உனக்கு வரப்போகும் கோபம் நியாயமானது. எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் சாப்பாடு மூடி வைத்திருப்பேன். ஆனால் கீர்த்தனாவிடம் முதலில் பேசிவிடு. அவள் போனைத் திரும்பக் கொடுத்தாய், மன்னிப்புக் கேட்கவில்லை.

காலையில் நான் சர்ச்சுக்கு எதிரே இருக்கும் மார்க்கெட்டுக்குப் போகிறேன், வர நேரமாகும். இந்தக் கவரை உன் மேஜை மேல் வைக்கப்போனபோது பழக்கதோஷத்தில் ஒரு நூலை அறுத்துக் கையில் எடுத்துவிட்டேன். நீ பிரித்தாயா, இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டாமா? கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு என் மோதிர விரலில் சுற்றிக் கட்டிக்கொண்டேன். கவர் மேல் ஒன்றும் வைக்கவில்லை, வினோத். ஒட்டவும் இல்லை.